கையை எடுத்தால் நேராகும்

அன்று பாகூருக்குத் தெற்கே வாய்க்கால் மேட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு ஆளாளுக்கு வேறு கதை சொன்னார்கள்.

பச்சையப்பன், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் துறைத் தலைவர். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வில்லியனூர் கடைத்தெருவில் ரேடியோ கடை வைத்திருக்கும் சுப்பராயலு. மழை இல்லாத நாளில் குடையோடு வந்திருந்தார். அவர் மகன் ஏகநாதன். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல். அருள்சாமி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை முடித்து ஊர் திரும்பிய சொல்தா, விமானம் அவருடையது. வயலுக்குச் சொந்தக்காரர் பக்கிரிசாமி. நடவுக்கு வந்த பெண்கள் ஒன்பது பேர், அவர்களில் எனக்குப் பெயர் தெரிந்தவள் உமையாள் மட்டும். கடைசியாக நான், பிலவேந்திரன். விமானத்தைத் தூக்கிப் பிடிக்க வந்த ஆள் என்று ஏகநாதன் என்னைப் பச்சையப்பனிடம் காட்டினான்.

அந்த விமானத்தின் வயிற்றில் இருந்த பெட்டியைச் செய்தவன் நான்.

அது எண்பத்து நான்காம் வருடம். நான் மில்லில் நைட் ஷிப்ட். இரவு பத்துக்கு உள்ளே போனால் காலை ஆறுக்கு வெளியே. முன்பு அந்தத் தூங்காத கண்ணோடு எட்டரைக்குப் பாலிடெக்னிக் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடம் பாதியில் நின்றுவிட்டேன். அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தூக்கம் வந்தது, வகுப்பில் தூங்கினேன், இனி வராதே என்றார்கள். அதே வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏகநாதன் டிப்ளமா வாங்கினான். நான் அவன் அப்பா கடையின் பின்னறையில் சாயங்காலம் எட்டு மணி வரை ரேடியோ ரிப்பேர் செய்தேன்.

அருள்சாமி அந்தப் பின்னறைக்குத்தான் வந்தார். மகள் பிரான்சிலிருந்து அனுப்பிய ரேடியோ கன்ட்ரோல் செட்டைக் கையில் வைத்திருந்தார். அதை வைத்து மூன்று விமானங்களை உடைத்திருந்தார்.

"செட்டு நல்லாத்தான் இருக்குதுடா. என் கைதான் நடுங்குது," என்றார். "குச்சிய விட்டுட்டா ரெக்க தானா நேரா நிக்கணும். கத்துக்கிற வரைக்கும் போதும். அப்டி ஏதாவது செய்ய முடியுமா?"

"முடியும் மாமா."

முடியுமா என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டரை மாதம் ஆனது.

செய்தது இதுதான். இறக்கையின் இரு நுனியிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒவ்வொரு எல்.டி.ஆர். வெளிச்சம் பட்டால் அது மின்சாரத்தைத் தாராளமாக விடும், இருட்டானால் பிடித்துக்கொள்ளும். ஒன்று இடப்பக்கம் வெளியே பார்க்கும், ஒன்று வலப்பக்கம். பேனா மூடியை வெட்டி இரண்டுக்கும் குழாய் மாதிரி மறைப்புக் கொடுத்தேன். விமானம் நேராகப் போகும்போது இரண்டு கண்ணுக்கும் பாதி வானம், பாதி தரை தெரியும். இடது இறக்கை தாழ்ந்தால் இடக் கண்ணுக்குத் தரை அதிகம், அது இருட்டு. நடுவில் இருக்கும் ஐ.சி. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, இருட்டான பக்கத்தைத் தூக்கும்படி சின்ன மோட்டாருக்குச் சொல்லும். அவ்வளவுதான். எது நேர், எது கோணல் என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. வானம் வெளுப்பு, தரை கறுப்பு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்த அறிவு போதாத இடங்களும் உண்டு.

சித்திரையில் கரிக்கலாம்பாக்கம் அறுவடைக் காட்டில் முதல்முறை விட்டோம். உச்சி வெயில்.

"இந்த வேகாத வெயிலுக்கு என்னை இட்டாந்து கொல்றியேடா. சாய்ங்காலம் விட்டா இன்னா?" என்றார் அருள்சாமி.

"சூரியன் தலைக்கு மேல இருக்கணும் மாமா. சாஞ்சிட்டா ஒரு கண்ணுல மட்டும் அடிக்கும்."

ஸ்கூட்டரில் வேடிக்கை பார்க்க வந்திருந்த ஏகநாதன் புளியமர நிழலில் நின்று கோல்ட்ஸ்பாட் குடித்துக்கொண்டிருந்தான். நான் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கும். மூளையில் விழவில்லை.

விமானம் மேலே போனது. அருள்சாமி குச்சியை விட்டார். இறக்கை ஒருமுறை ஆடி நேராக நின்றது. காற்று தள்ளியது, திரும்பவும் நேரானது. "வுவாலா!" என்று கத்தினார். ஐம்பத்தெட்டு வயது ஆள் வரப்பில் குதித்தார்.

இறக்குவதற்குக் கொஞ்சம் முன்பு, ஓரத்தில் இருந்த பம்புசெட் நாற்றங்காலுக்கு மேலே விமானம் போனபோது இறக்கை வெடுக்கென்று சாய்ந்தது. அருள்சாமி கையில் இருந்த செட்டை எட்டி, பெட்டியை நிறுத்தும் சுவிட்சைத் தட்டினேன். நேரானது.

"காத்துடா," என்றான் ஏகநாதன்.

காற்றில்லை. நாற்றங்காலில் தண்ணீர் நின்றது. தண்ணீரில் வானம் தெரிந்தது. மறுநாள் வீட்டு வாசலில் பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, இறக்கையை அதன் மேலே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். சாய்ந்த வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்தபோது பெட்டி முழுதாகத் தலைகீழாக நினைத்தது. தாழ்ந்த பக்கத்தை உயர்ந்த பக்கம் என்று எண்ணி இன்னும் தாழ்த்தியது. நோட்டில் எழுதிவைத்தேன். யாரும் கேட்கவில்லை, சொல்லவில்லை.

ஆடியில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். அந்தப் பத்து நாளில் பாலிடெக்னிக்கில் கண்காட்சி நடந்தது. ஏகநாதன் பின்னறையிலிருந்து பெட்டியை எடுத்துப்போய், மூடி மேல் தன் பெயரை டைப் அடித்து ஒட்டி, மேசையில் வைத்தான். டார்ச் லைட்டை ஆட்டி, மோட்டார் அசைவதைக் காட்டினான். முதல் பரிசு. பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் அவன் பக்கத்தில் தொப்பி போட்டுக்கொண்டு அருள்சாமி நின்றார்.

வீக்கம் வடிந்து கடைக்குப் போனபோது அந்தப் பத்திரிகைத் துண்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள்.

"இன்னாடா இது?" என்றேன்.

"கோவப்படாதடா," என்றான் ஏகநாதன். "நீ சால்டர் வச்ச, இல்லன்னு சொல்லல."

"வேற யாரு இன்னா செஞ்சா?"

"இடம் யாருது? ஐ.சி. யாரு கடையில எடுத்தது? உன் பேர போட்டா, யாரு இவன், பாதியில ஓடிப்போனவன்தானேன்னு கேப்பாங்க. அப்பறம் உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல." பிறகு சிரித்தான். "பச்சையப்பன் சார் லேப்புல டெக்னீஷியன் வேல இருக்குதாம். டிப்ளமாகூட வேணாம், இத்த செஞ்ச கை போதும்னு சொல்லிட்டாரு. ஒருவாட்டி பறக்கவிட்டுக் காட்டினா அன்னிக்கே ஆர்டர்."

டிப்ளமா வேண்டாம். செய்த கை போதும். அதை என்னிடமே சொன்னான்.

பகல் வேலை. காலை ஒன்பதுக்குப் போய் ஐந்துக்கு வரும் வேலை. மனிதர்கள் மாதிரி இரவில் படுக்கலாம். ஆறு வருடமாக எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. அதைச் செய்த கை என் மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பின்னறைக்குப் போய் யாரோ ஒருவரின் டிரான்சிஸ்டரைப் பிரித்தேன்.

ஆவணிக் கடைசியில் அவனே வந்து கேட்டான்.

"கரிக்கலாம்பாக்கத்துல மனை போட்டுக் கல்லு நட்டுட்டாங்கடா. எங்க விடறது?"

அவன் கேட்பான் என்று காத்திருந்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் பதில் தயாராக இருந்தது.

"பாகூர் பக்கம் போ. இப்பதான் நடவுக்குச் சேடை ஓட்டித் தண்ணி கட்டியிருக்காங்க. தப்பித்தவறி விழுந்தாலும் சேறு. பஞ்சு மெத்தையாட்டம் தாங்கும். காஞ்ச கட்டாந்தரையில விழுந்தா நொறுங்கிடும்."

"அதுவும் சரிதான்."

"நாலரை மணிக்கு வையி. சாருக்கு வெயில் அடிக்காது."

அவன் என் தோளைத் தட்டினான். "நீ நல்லவன்டா பிலவேந்திரா. வேற எவனாவது இருந்தா இந்நேரம் மூஞ்ச திருப்பிக்கினு போயிருப்பான்."

சேறு மெத்து என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சேற்றில் விழுந்தால் அடிபடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால்தான் அவன் அப்பாவும் சரி என்றார், அருள்சாமியும் சரி என்றார். என் கணக்கு சுருக்கமானது. விமானம் விழும். பச்சையப்பன் ஏன் என்று கேட்பார். ஏகநாதனுக்குப் பதில் தெரியாது. நான் சொல்வேன். வேலை எனக்கு. அருள்சாமியின் விமானம் போனால் போகட்டும். படத்துக்குத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றாரே.

பக்கிரிசாமி வயலில் முழங்கால் ஆழத்துக்குச் சேறு, மேலே ஒரு சாண் தண்ணீர். மேற்கே சூரியன் இரண்டு பனைமர உயரத்தில் இருந்தது. வயல் முழுக்கத் தகடு மாதிரி பளபளத்தது. கண் கூசியது. நான் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாபா இது, கொக்கு புடிக்கவா?" என்று கேட்டார் பக்கிரிசாமி.

"கொம்யூன் பஞ்சாயத்துல ரோடு போட ஏரோப்பிளேன்ல வந்து அளக்கறாங்களாம்," என்றாள் உமையாள். மற்ற பெண்கள் நாற்று முடியோடு நிமிர்ந்து சிரித்தார்கள்.

ஏகநாதன் பச்சையப்பனுக்கு விளக்கினான். "இது எந்த நிலையில இருந்தாலும் சமநிலைய கண்டுபுடிக்கும் சார். கைய எடுத்தா நேராகிடும்."

"எப்படிக் கண்டுபுடிக்குது?"

"சென்சார் சார்."

"சரி, என்ன சென்சார்?"

"லைட் சென்சார் சார். ஃபுல் எலெக்ட்ரானிக்."

பச்சையப்பன் செருப்பை மறு கைக்கு மாற்றினார். பிறகு, "ம், விடுங்க பாக்கலாம்," என்றார்.

காற்றாடியை விரலால் சுண்டி எஞ்சினைக் கிளப்பினேன். எரிபொருளின் ஈதர் வாசம் மூக்கில் ஏறியது. வாய்க்கால் மேட்டில் பத்தடி ஓடி வீசினேன். நல்ல வீச்சு. வேண்டுமென்றே மோசமாக வீசினேன் என்று பிறகு சுப்பராயலு சொன்னது பொய்.

அருள்சாமி கையாலேயே ஒரு சுற்று ஓட்டினார். நடுங்கும் கையால் அன்று நன்றாகவே ஓட்டினார். மேற்கும் கிழக்குமாக இறக்கை நீட்டி, விமானம் தெற்கே போய்த் திரும்பி எங்களை நோக்கி வந்தது. ஏகநாதன் அவர் காதருகே குனிந்து, "பெட்டிய போட்டுட்டு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுங்க சார். இன்னா ஆனாலும் தொடாதீங்க. தொட்டா நம்ம டெமோ கெட்டுடும்," என்றான்.

அருள்சாமி சுவிட்சைத் தட்டினார். செட் கழுத்து வாரில் தொங்க, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். சரணடைகிற சிப்பாய் மாதிரி நின்றார்.

"கைய தூக்கிக்கினு நின்னா நடவு முடிஞ்சிடுமா? எங்களுக்கும் ஒண்ணு செஞ்சி குடுங்கபா," என்று உமையாள் குரல் கொடுத்தாள்.

விமானம் ஒரு மூச்சு நேரம் நேராக வந்தது. பிறகு மேற்கு இறக்கை கொஞ்சம் தாழ்ந்தது. தண்ணீரில் பட்ட வெயில் அந்தக் கண்ணில் விழுந்திருக்கும். இன்னும் தாழ்ந்தது.

அந்த இடத்தில் நான்கு நொடி இருந்தது. அதைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன், நான்குதான். அருள்சாமி எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றார். நான் சுவிட்சைத் தட்டியிருக்கலாம். 'மாமா, புடிங்க' என்று சொல்லியிருக்கலாம். கரிக்கலாம்பாக்கத்தில் செய்ததுதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் கையை இறக்கவில்லை. நேராகிவிடும் என்று நம்பி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இறக்கை செங்குத்தாக நின்றது. பிறகு முதுகு காட்டியது. எஞ்சின் முழு வேகத்தில் கத்திக்கொண்டே விமானம் வயலில் குத்தியது. தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழுந்தது.

சேறு மெத்துதான். ஆனால் அந்த வேகத்துக்கு எதுவும் மெத்தில்லை.

"யாரும் எறங்காதீங்கபா! அந்தப் பக்கம் நட்டாச்சி! நாத்த மிதிச்சா தெரியும்!" என்று பக்கிரிசாமி கத்தினார். அதற்குள் ஏகநாதன் இறங்கிவிட்டான். மூன்றாவது அடியில் முழங்காலுக்கு மேலே புதைந்தான். காலை இழுத்தான், கையூன்றினான், முகம் குப்புற விழுந்தான். எழுந்தபோது வெள்ளைச் சட்டையில் வெள்ளை இல்லை. பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். அந்தச் சட்டையை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. இன்னும் இனிக்கிறது.

உடைந்ததைச் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஏறினான். ஒரு இறக்கை இல்லை. பெட்டி மட்டும் முழுசாக இருந்தது, வயர்கள் தொங்க. மூடி மேல் ஒட்டிய பெயர்த்தாள் ஊறி வழுக்கியது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் பச்சையப்பன்.

"காத்து சார்."

"காத்தே இல்லையேப்பா."

"பேட்டரி வீக்கா இருக்கும் சார். இல்லன்னா ஒயரு..."

"எஞ்சின் கடைசி வரைக்கும் ஓடிச்சி. மோட்டாரு வேல செஞ்சிருக்கு, ஆனா தப்பா செஞ்சிருக்கு. ஏன்?"

ஏகநாதன் சட்டைச் சேற்றை வழித்தான். அவன் அப்பா குடையை விரித்தார், மடக்கினார். நான் காத்திருந்த நேரம் இதுதான்.

"தண்ணி சார்," என்றேன். "இது வானம் எது தரை எதுன்னு வெளிச்சத்த வச்சித்தான் பாக்கும். தண்ணியில வானம் தெரியுது. சூரியன் சாஞ்சதால மேற்கு பக்கம் தண்ணி வானத்தவிட வெளிச்சம். தாழ்ந்த ரெக்கைய ஒசந்த ரெக்கன்னு நெனச்சி அழுத்திடுச்சி. காஞ்ச தரையில உச்சி வெயில்ல விட்டா நிக்கும். நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

பச்சையப்பன் பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். "இந்த ரெண்டு பிரீசெட் திருகு எதுக்கு?"

"ஒண்ணு ரெண்டு கண்ணையும் சமமாக்க. இன்னொண்ணு மோட்டார் எவ்ளோ அசையணும்னு வைக்க."

"நீ செஞ்சதா இது?"

"நான்தான் சார்."

ஏகநாதன் தரையைப் பார்த்தான். எனக்கு நெஞ்சு நிறைந்தது. வேலை என் கைக்கு வந்துவிட்டது. அதன் சூட்டைக்கூட உணர்ந்தேன்.

"தண்ணி மேல விட்டா விழும்னு உனக்கு எப்ப தெரியும் தம்பி?"

இந்த ஒரு கேள்வியை நான் கணக்கில் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தவன், இதைப் பார்க்கவில்லை. இப்போதுதான் தெரிந்தது என்றால் நோட்டில் எழுதியது பொய். நோட்டு பொய் என்றால் பெட்டி என்னுடையதில்லை.

"சித்திரையிலயே தெரியும்," என்றேன்.

"இந்த எடத்த யாரு சொன்னது?"

"இவன்தான் சார்!" ஏகநாதன் துள்ளினான். "இவன்தான் சேறு தாங்கும்னு சொன்னான். நாலரை மணின்னும் இவன்தான் சொன்னான்!"

"ஆமா, நான்தான்," என்றேன்.

பச்சையப்பன் பெட்டியை மூடி என்னிடம் கொடுத்தார். 

"ஏகநாதா, உனக்கு வேல கெடையாது. அத்த வாயால வேற சொல்லணுமா?" பிறகு என்னிடம் திரும்பினார். "உன் வேல சுத்தமா இருக்கு. ஆனா என் லேப்புல பசங்க மெஷின்ல கை வச்சிகினு நிப்பாங்க. அவங்கள்ல ஒருத்தன் மேல உனக்குக் கோவம் இருந்து, மெயின் சுவிட்சு பக்கத்துலயே நீ கைய கட்டிக்கினு நின்னன்னா, நான் யாரு வூட்டு வாசல்ல போயி நிக்கறது?"

விமானம் விழுந்தபோது என் கை பின்னால் கட்டியிருந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, சுப்பராயலு கொண்டுவந்திருந்த காருக்கு நடந்தார். "நாளையிலருந்து கடப் பக்கம் வந்துடாத," என்றார் சுப்பராயலு. மகனின் சேற்றுச் சட்டை சீட்டில் படாமல் பழைய சாக்கு விரித்து உட்காரவைத்தார். கார் போனது.

மீதி இருந்தது அருள்சாமியும் நானும். வரும்போது அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்துதான் வந்திருந்தேன். அவர் வண்டியைக் கிளப்பி, ஏறு என்று தலையை அசைத்தார். உடைந்த விமானத்தை மடியில் வைத்துக்கொண்டேன். வில்லியனூர் வரை சேற்றுத் தண்ணீர் என் கால்சட்டையில் சொட்டிக்கொண்டே வந்தது. 

வீட்டின் முன்னறையில் அவருடைய வேலைமேசை இருந்தது. அதன் மேல் விமானத்தையும் பெட்டியையும் வைத்தேன். விளக்கைப் போட்டார். உடைந்த இறக்கையின் நுனியைத் தடவி, பேனா மூடிக்குள் அடைத்த சேற்றைக் குச்சியால் நோண்டி எடுத்தார்.

"நான் கைய தூக்கினப்ப நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் புடிச்சிருப்பனா?"

"புடிச்சிருப்பீங்க. இன்னிக்கு நல்லா ஓட்டினீங்க."

"ம்." குச்சியை வைத்தார். "பெட்டிய செஞ்சது நீதான்னு எனக்குத் தெரியாதாடா? தொப்பி போட்டுக்கினு போயி நின்னேன், பெரும ஏறிடுச்சி. என் தப்புதான். ஆனா என்கிட்ட வந்து கேட்டியா? மாமா, வந்து சொல்லுங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா பச்சையப்பன் முன்னாடி வந்து சொல்லியிருப்பேன். கடசி வரைக்கும் கேக்கலியேடா."

கேட்கவில்லைதான். அந்த இரண்டு மாதமும் இந்த வீட்டைத் தாண்டித்தான் மில்லுக்குப் போனேன். ஒருநாளும் சைக்கிளை நிறுத்தவில்லை.

"கேட்டாத்தான் சொல்லணுமா மாமா?" என்றேன்.

 அவர் பெட்டியிலிருந்து தொங்கிய வயர்களைச் சுற்றி, அதை என் கையில் திணித்தார். வாசலைக் காட்டினார்.

நான் படி இறங்கினேன். ஷிப்டுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. பெட்டியின் மூடியில் ஏகநாதன் பெயர் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி உரித்தேன். பின்னால் கதவு சாத்தப்பட்டது. பிரான்சிலிருந்து கொண்டுவந்த பூட்டு அது. சாவி இரண்டு முறை திரும்பியது.